முதலில் மே மாதம், அப்புறம் மீன்

அஸ்தம்பட்டியில் மாடி வீடு, எட்டு வயது மகள், மூன்று வாரத்தில் அவள் பிறந்தநாள், செலவுக்கு 25,000 ரூபாய். கடைக்காரர் ஒரு அடிக்கு ஒரு அடி கண்ணாடித் தொட்டியைக் காட்டி, "இதுல எல்லாமே செட்டுங்க, உப்பைக் கரைச்சு மீனை விட்டாப் போதும்" என்றிருக்கிறார். அதில் சினிமாவில் வரும் நீமோ, டோரி மீன்களை விடலாமா, இல்லையென்றால் எந்தத் தொட்டி, எந்த மீன் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போய்வரும் ஒரு வீட்டில், சேலத்து வெயிலில், கடல் மீன் உயிரோடு இருக்குமா, பாப்பா ஒரு நாள் காலையில் எழுந்து செத்த மீனைப் பார்க்க நேருமா என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். தூத்துக்குடியில் மீன்வளம் படித்தேன். பதினான்கு வருடமாகச் சேலத்தில் வீட்டிலேயே உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கடலோர ஊரில் படித்ததில் பாதி இங்கே வந்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதனால் இந்த ஊருக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், சேலத்தில் கடல் மீன் வளர்க்க முடியும். நீமோ, அதாவது க்ளவுன் மீன், தாராளமாக வளரும். ஆனால் அந்த ஒரு அடித் தொட்டி வேண்டாம், டோரி வேண்டாம், மூன்று வாரத்தில் மீன் விடவும் வேண்டாம். இப்போது மார்ச் தொடக்கம். என் யோசனை, தொட்டியை இந்த மாதமே வையுங்கள், மீனை ஜூனில் விடுங்கள். ஏன் என்பதுதான் மீதி எல்லாம்.

சின்னத் தொட்டி என்றால் சின்ன வேலை என்று எல்லோருக்கும் தோன்றும். நல்ல தண்ணீர் மீனுக்கே அது முழு உண்மை இல்லை, கடல் மீனுக்கு நேர் எதிர். ஒரு கன அடி என்பது 28 லிட்டர். மேல்விளிம்பு, கல், மணல் எல்லாம் போக உள்ளே இருக்கும் தண்ணீர் 22 லிட்டர் என்று வையுங்கள். சித்திரை வெயிலில் ஒரு நாளில் ஒரு லிட்டர் வரைகூட ஆவியாகலாம். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 22 லிட்டரில் ஒரு லிட்டர் போனால் அந்த 35 ஒரே நாளில் ஏறக்குறைய 36.7 ஆகும். நீங்கள் இரண்டு நாள் வெளியூர் போய்வந்தால் 38-ஐத் தாண்டிவிடும். அதே ஒரு லிட்டர் 100 லிட்டர் தண்ணீரிலிருந்து போனால் 35.4-க்குள் நிற்கும். மீன் அதை உணர்வதற்குள் நீங்கள் சரிசெய்துவிடலாம். உப்புக்கு மட்டுமில்லை, வெப்பத்துக்கும் மீன் கழிவுக்கும் இதே கணக்குதான். நீர் அதிகமாக இருந்தால் எந்தத் தப்பும் மெதுவாகத்தான் நடக்கும், நமக்கு நேரம் கிடைக்கும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது 2 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். கொள்ளளவு 127 லிட்டர், கல்லும் மணலும் போக நூறு லிட்டர் சொச்சம் தண்ணீர் நிற்கும். இதைவிடப் பெரியது வைக்க இடமும் காசும் இருந்தால் நல்லது, குறைக்க மட்டும் வேண்டாம். எல்லாம் சேர்த்து 170, 180 கிலோ வரும். மூன்று பேர் நெருக்கி நின்றால் வரும் எடை, நன்றாகக் கட்டிய கான்கிரீட் தளம் தாங்கும். ஆனால் டிவி வைக்கும் பலகை அலமாரி தாங்காது. இரும்பு ஸ்டாண்ட் அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் தெர்மோகோல் ஷீட் போட்டு, சுவர் ஓரமாக, ஜன்னல் வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். மூடிக்குக் கண்ணாடி வேண்டாம். அலுமினியச் சட்டத்தில் கொசுவலை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். மீன் துள்ளி வெளியே விழாது, சூடும் உள்ளே அடைபடாது.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். சேலத்தில் கடல் மீன் வைத்துத் தோற்றவர்கள் பெரும்பாலும் தோற்றது இங்கேதான். இந்த மீன்களுக்குச் சௌகரியமான தண்ணீர் 24 முதல் 27 டிகிரி வரை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் நம் அறை மே மாதம் மாலையில் 35-ஐத் தொடும், ராத்திரி பதினொன்றுக்கும் தளம் சூடாகவே இருக்கும். தொட்டிக்குள் ஓடும் மோட்டாரும் மேலே எரியும் விளக்கும் அதற்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி சேர்க்கும். தண்ணீர் சூடானால் அதில் ஆக்ஸிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் வேண்டும். உப்பு நீரில் அது முதலிலேயே குறைவு. 25 டிகிரியில் நல்ல தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் என்றால், கடல் நீரில் 6.7-தான். 30 டிகிரியில் 6.2 ஆகிவிடும்.

இந்த எண்ணை நான் கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது 2014 மே மாதத்தில் ஒரு ராத்திரி. மூன்று மணி வாக்கில் கரண்ட் போனது. மின்விசிறி நின்ற புழுக்கத்தில் முழிப்பு வந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டி 31.5 டிகிரி. இரண்டு க்ளவுன் மீனும் மூலையில், நீர்மட்டத்தை ஒட்டி, வாயை மேலே தூக்கிக்கொண்டு, செவுளை அடித்துக்கொண்டு நின்றன. வழக்கமாக விரலைக் காட்டினால் ஓடி வரும் பெண் மீன் அசையவில்லை. எவர்சில்வர் சொம்பில் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தேன். காற்றைக் கலக்க அப்போது என்னிடம் வேறு வழி இல்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வரும்வரை ஊற்றினேன். பெண் மீன் பிழைத்தது. ஆண் மீன் மதியத்துக்குள் செத்துவிட்டது. அதற்குப் பிறகு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இல்லாமல் நான் தொட்டி வைத்ததே இல்லை. அது விலை குறைந்த சாமான், முதல் நாளே வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தொட்டித் தண்ணீரைக் கலக்கிவிடும் சின்ன மோட்டாரான வேவ்மேக்கரை அதில் போடுங்கள், பத்து வாட் கூட இழுக்காது.

சூட்டைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, நீர்மட்டத்தின் மேல் காற்று வீசும் சின்ன மின்விசிறி. பானைத் தண்ணீர் குளிர்வதும் இதுவும் ஒன்றே. ஒரு லிட்டர் ஆவியாகும்போது அது கொண்டுபோகும் வெப்பம், 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் குளிர்விக்கும் அளவு. ஆனால் அறைச் சூடு திரும்பத் திரும்ப உள்ளே வருவதால், கையில் நிற்பது இரண்டு மூன்று டிகிரிதான். மார்ச், ஏப்ரலின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், மழைக்கால ஈரக் காற்றில் மந்தமாகும். இரண்டாவது, சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின். சூட்டை அது திட்டமாகப் பிடித்து நிறுத்தும். ஆனால் தொட்டி, ஸ்டாண்ட், விளக்கு மூன்றும் சேர்ந்த விலையை அது ஒன்றே தாண்டலாம், கரண்ட் செலவும் உண்டு. அதை மூடிய அலமாரிக்குள் வைத்தால் அது வெளியே தள்ளும் சூடு அதன் மேலேயே திரும்பும், பயனில்லை. ராத்திரி மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையில் தொட்டியை வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பகலில் 33, ராத்திரி 25 என்று தினமும் ஏறி இறங்குவது, நிலையான 29-ஐ விட மீனுக்குக் கெடுதல்.

உங்களுக்கு சில்லர் வேண்டுமா, விசிறி போதுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் வீடுதான் சொல்லும். அதனால்தான் மார்ச்சில் தொட்டியை வைத்து ஜூனில் மீன் விடச் சொல்கிறேன். தண்ணீர், கல், மணலோடு தொட்டி சித்திரையைத் தாண்டட்டும். காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். விசிறி ஓடும்போதே ஏப்ரல் கடைசியில் 29-ஐத் தாண்டுகிறது என்றால் சில்லர் இல்லாமல் மீன் வாங்காதீர்கள். தாண்டவில்லை என்றால் அந்தக் காசு மிச்சம்.

ஏற்காட்டில் எஸ்டேட் குடியிருப்பில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டில் இதற்கு நேர்மாறு. அங்கே சில்லரே வேண்டாம், மார்கழி ராத்திரிக்கு ஹீட்டர்தான் வேண்டும். ஆனால் அந்த 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதே விகிதத்தில் குறையும். அதனால் அவரிடம் தண்ணீரை நன்றாகக் கலக்கும்படி இரண்டு வேவ்மேக்கர் போடச் சொன்னேன்.

அடுத்தது தண்ணீர். நம் ஊரில் போர் தண்ணீரை "உப்புத் தண்ணி" என்றும் மேட்டூர்த் தண்ணீரை "நல்ல தண்ணி" என்றும் சொல்கிறோம். அதை வைத்துக்கொண்டு, கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே நல்லது என்று போர் தண்ணீரில் உப்பைக் கரைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,400 காட்டும். கடல் நீர் 35,000. போர் தண்ணீரின் உப்பு கடலின் உப்புக்குக் கிட்டத்தில்கூட இல்லை, அதன் கலவையே வேறு. மேக்னசைட் வெட்டும் வெள்ளைக் கரடுகள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, நம் பாறையிலேயே மக்னீசியம் உண்டு. எவ்வளவு வருகிறது என்று தெரியாத தாதுவின் மேல், அளந்து செய்த கடல் உப்பைக் கரைத்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். நைட்ரேட் இருந்தால் பாசியும் பிடிக்கும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதனால் ஆர்ஓ தண்ணீர்தான். வீட்டு ஆர்ஓவில் டிடிஎஸ் கூட்டும் திருகு இருந்தால் அதை முழுக்க மூடிவிட்டுப் பிடியுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இப்போது பல வீடுகளில் "காப்பர்" ஆர்ஓ இருக்கிறது. குடிக்கும் நமக்கு அது எப்படியோ, நத்தை, இறால், நண்டு போன்ற முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குச் செம்பு விஷம், மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். அந்த ஆர்ஓ வேண்டாம், செப்புக் குடத்தில் பிடித்து வைக்கவும் வேண்டாம். பித்தளையும் வேண்டாம். தொட்டிக்கென்று தனியாக இரண்டு பிளாஸ்டிக் பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், அதில் சோப்புக் கை படக்கூடாது.

உப்பு, மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புதான். ரெட் ஸீ, இன்ஸ்டன்ட் ஓஷன் போன்றவை கிடைக்கின்றன. வேதாரண்யத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் கல்லுப்பும் கடலிலிருந்து வந்ததுதானே என்ற கேள்வி நியாயமானது. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது கால்சியம் முதலில் தனியே படிந்துவிடும், அப்புறம் சோடியம் குளோரைடு படிகமாகும், மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நம் கைக்கு வருவது கடலின் ஒரு பகுதி மட்டும். மீன் வாழ முழுக் கலவையும் வேண்டும். லிட்டருக்கு 36, 37 கிராம் கணக்கில் தனி பக்கெட்டில் கரைத்து, மோட்டார் ஓடவிட்டு ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் உப்பை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ஒப்படர்த்தி, அதாவது நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட கனம், 1.025 அல்லது 1.026 இருக்க வேண்டும். தினமும் குறையும் தண்ணீரை ஈடுகட்டுவது உப்புக் கரைக்காத ஆர்ஓ தண்ணீரால் மட்டுமே. இதை நூறு முறை சொன்னாலும் தகும். தெரிந்த ஒருவர் குறையும்போதெல்லாம் உப்பு நீரையே ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டியின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது, அளந்தால் 1.035.

கடற்கரைக்கே போய் கேனில் தண்ணீர் கொண்டுவரலாமா? நான் ஆரம்பத்தில் கடலூர்ப் பக்கமிருந்து கொண்டுவந்தேன். ஐப்பசி மழை சமயம், ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கம். வீட்டில் அளந்தபோது 1.019 இருந்தது. ஆற்று நீர் கலந்த இடத்தில் மொண்டிருக்கிறேன். 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் மூடிக் கிடந்ததில் உள்ளிருந்த நுண்ணுயிர்கள் செத்து வாடையும் வந்துவிட்டது. இங்கிருந்து அது தோதுப்படாது.

கல்லைப் பற்றி ஒரு கண்டிப்பு. கடல் தொட்டியின் உண்மையான வடிகட்டி, துளைகள் நிறைந்த கல்லில் குடியேறும் பாக்டீரியாதான். அதற்காக மண்டபம் பக்கத்துப் பவளக்கல்லை யாராவது எடுத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா, 1986-இல் அறிவிக்கப்பட்டது. கல் பவளங்களும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. சட்டத்தை விடுங்கள், 2016-இல் அந்தக் கடலே சூடாகிப் பவளங்கள் வெளுத்ததை நாம் பார்த்தோம். அங்கிருந்து ஒரு துண்டையும் எடுக்கக் கூடாது. கடையில் செயற்கையாகச் செய்த துளைக்கல் கிடைக்கிறது, பத்துப் பன்னிரண்டு கிலோ போதும். அடியில் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் ஒன்றரை அங்குலம். ஆற்று மணல் வேண்டாம்.

இனி பாக்டீரியா. மீன் கழிவு அம்மோனியா ஆகும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா மீனைக் கொல்லும், நைட்ரைட்டும் ஏறினால் நல்லதில்லை. கடல் நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 8.2 வாக்கில் இருப்பதால் அம்மோனியாவின் விஷம் நல்ல தண்ணீரைவிட இங்கே கடுமை. இந்தப் பாக்டீரியா போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் கடைக்காரர் சொன்னபடி உப்பைக் கரைத்த கையோடு மீனை விட்டால், அந்த ஆறு வாரமும் மீன் தன் கழிவிலேயே மூச்சு விட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் டாம்செல் மீன் இரண்டை முதலில் விட்டுத் தொட்டியைப் பழக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அது அறவே பிடிக்காது. உயிரைச் சுட்டு அடுப்பு பார்ப்பது மாதிரி அது. மீன் மார்க்கெட்டில் ஒரு பச்சை இறால் வாங்கி, துணியில் கட்டி உள்ளே போடுங்கள், அது அழுகித் தேவையான அம்மோனியா தரும். கணக்காகச் செய்ய வேண்டுமென்றால் ஆய்வகத் தரத்து அம்மோனியம் குளோரைடு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் அது சுத்தமாக இருக்காது, வேண்டாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா போட்டு, மறுநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்ஜியம் காட்டினால் தொட்டி தயார். அதன் பிறகு ஜூன் வரை வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவாருங்கள், இல்லையென்றால் பாக்டீரியா பட்டினியில் குறைந்துவிடும்.

பிறந்தநாளுக்கு மீன் இருக்காதே என்று பாப்பா வருத்தப்படுவாள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்குத் தொட்டி இருக்கும், நீல வெளிச்சத்தில் கல் இருக்கும். ரிஃப்ராக்டோமீட்டரை அவள் கையில் கொடுங்கள். ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் எண்ணைப் படிப்பதை எட்டு வயதுப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். என் பையனுக்கு அதுதான் முதல் வேலையாக இருந்தது. சில வாரத்தில் கல்லின் மேல் பழுப்பாக ஒரு படலம் வரும், பயப்பட வேண்டாம், தானாகக் குறையும். அம்மோனியா பூஜ்ஜியம் ஆனதும் நான்கைந்து கடல் நத்தை விட்டால் அந்தப் படலத்தில் அவை மேய்ந்த தடம் கோடு கோடாகத் தெரியும். பிள்ளைகள் அதையே உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஜூனில் முதல் மழை பெய்து தளம் குளிர்ந்ததும் இரண்டு க்ளவுன் மீன். ஆஸலாரிஸ் என்ற வகையைக் கேளுங்கள், மூன்று, மூன்றரை அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் வளராது, குணமும் சாது. தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கட்டாயம் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீனுக்குக் கண்ணாடியும் குருணைத் தீனியும் பழக்கம், நோயும் குறைவு, கடலிலிருந்து ஒரு மீனும் குறையாது. ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று வாங்குங்கள். க்ளவுன் குஞ்சுகள் எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் யார் பெரியவர் என்று கொஞ்ச நாள் கடித்துக்கொள்ளும்.

இந்த மீனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மனம் வராது. நான் சொன்ன அந்தப் பெண் மீனுக்கு மறு வருடம் ஒரு சின்ன ஆண் துணை விட்டேன். ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள், இரண்டும் சாய்த்து வைத்த மண்சட்டித் துண்டை வாயால் கடித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. மாலையில் அந்தத் துண்டின் மேல் ஆரஞ்சு நிறத்தில், சின்னச் சின்னதாக, வரிசை வரிசையாக முட்டை. ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது, கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கி எடுத்தது. ஆறாம் நாள் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளியாக இரண்டு கண். எட்டாம் நாள் ராத்திரி விளக்கணைத்த பிறகு பொரித்தன. நல்ல தண்ணீரும் நல்ல சாப்பாடும் கொடுத்தால் இது பத்து வருடத்துக்கு மேல் வாழும் மீன். உங்கள் மகள் காலேஜ் போகும்போதும் அது இருக்கலாம், அதை நினைத்து வாங்குங்கள். கடலில் க்ளவுன் ஒண்டி வாழும் கடல் தாமரை (அனிமோன்) இல்லாமலும் அது நன்றாகவே வாழும். தாமரைக்குப் பலமான விளக்கும் பழகி நிலைத்த தண்ணீரும் வேண்டும், முதல் வருடம் வேண்டாம்.

டோரி, அதாவது நீல டேங், கடையில் இரண்டு அங்குலத்தில் அழகாக இருக்கும். வளர்ந்தால் ஒரு அடி. நாளெல்லாம் நீந்திக்கொண்டே இருக்கும் மீன், ஆறு அடித் தொட்டிக்குக் குறைந்து அதற்கு நியாயம் இல்லை. நெருக்கடியில் வெள்ளைப்புள்ளி நோய் முதலில் வருவதும் இதற்குத்தான். பாப்பாவுக்கு நீலம் வேண்டுமென்றால் விளக்கில் நீலம் இருக்கட்டும். க்ளவுன் விட்டு இரண்டு மாதம் கழித்து, மணலைத் தோண்டும் வாட்ச்மேன் கோபி ஒன்று விடுங்கள். கிடைத்தால் கூடவே ஒரு பிஸ்டல் இறால். கண் மங்கலான இறால் வளை தோண்டும், மீன் வாசலில் காவல் நிற்கும், இறாலின் மீசை மீனின் வாலைத் தொட்டபடியே இருக்கும். அதற்கும் பிறகு ஒரு ஃபயர்ஃபிஷ் அல்லது ஒரு கார்டினல். அவ்வளவுதான், நான்கு மீனோடு நிறுத்துங்கள். நீல டாம்செல் மலிவு, ஆனால் வளர்ந்ததும் மற்றதைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். மாண்டரின் மீனைப் பார்த்தால் வாங்கத் தோன்றும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோப்பிபாட் போன்ற நுண் உயிர்களை நாள் முழுக்கத் தின்று வாழ்வது அது, புதுத் தொட்டியில் பட்டினியால் மெலிந்து சாகும்.

மீன் சென்னை கொளத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வருமானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பையை மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீர் விடச் சொல்வார்கள். அரை மணிப் பயணத்துக்கு அது சரி. ஆறேழு மணி நேரம் மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயுவால் பிஎச் இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா விஷமில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாக மாறும். ஆகவே பையை மூடியபடியே இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். திறந்ததும் பைத் தண்ணீரின் உப்பை அளந்து, தனி டப்பில் அதே அளவு உப்புள்ள தண்ணீருக்கு உடனே மீனை மட்டும் மாற்றுங்கள். உப்பை அப்புறம் நிதானமாக உயர்த்தலாம். அந்த 40 லிட்டர் டப்பிலேயே நான்கு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். உடம்பில் ரவை தூவினது மாதிரி வெள்ளைப்புள்ளி வந்தால் அங்கேயே செம்பு மருந்து கொடுக்கலாம். கல்லும் நத்தையும் உள்ள தொட்டியில் அந்த மருந்தை ஊற்றவே முடியாது.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆள் ஆளுக்கு மாறுபடும் விஷயங்களும் உண்டு. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கட்டாயமா என்று கேட்டால், நான்கு மீன், வாரம் பத்து லிட்டர் தண்ணீர் மாற்றம் என்றால் நான் இல்லாமலே ஓட்டியிருக்கிறேன், வேண்டும் என்பவர்களும் அனுபவசாலிகள்தான். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சில முறை வேலை செய்தது, சில முறை ஒன்றும் நடக்கவில்லை. வழியில் எத்தனை நாள் சூட்டில் கிடந்ததோ, அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். மன்னார் வளைகுடாவே கோடையில் 30-ஐத் தாண்டுகிறதே, நம் கடல் மீனுக்கு என்ன என்று ஒரு வாதம் உண்டு. கடலில் அலையும் ஆழமும் இருக்கின்றன, மீன் விலகிப் போக இடம் இருக்கிறது. என் தொட்டியில் 29-இலேயே தீனி எடுப்பது குறைந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பவளம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், சில மென்பவளங்களோடு என் அனுபவம் நின்றுவிட்டது. போட்டோ அனுப்பி நோய் கேட்டாலும் உறுதியாகச் சொல்ல வராது.

செலவைப் பொறுத்தவரை, தொட்டி, ஸ்டாண்ட், விளக்கு, தொங்கும் ஃபில்டர், வேவ்மேக்கர், ரிஃப்ராக்டோமீட்டர், டெஸ்ட் கிட், உப்பு, கல் இவற்றை நீங்கள் சொன்ன தொகைக்குள் பார்த்துப் பார்த்து வாங்கிவிடலாம். சில்லரும் சேர்த்தால் முடியாது. இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிடுபவர்கள் அதிகம், அவர்களிடம் பழைய சில்லர் நல்ல நிலையில் கிடைக்கும், மே வரை தேட நேரம் இருக்கிறது. ஓடவிட்டு, தண்ணீர் குளிர்வதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, லீவுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று நாள் என்றால் தீனி இல்லாமலே விட்டுப் போகலாம், வளர்ந்த க்ளவுனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் என்றால் யாராவது வர வேண்டும், தீனியைவிடத் தண்ணீருக்காக. தொட்டியின் வெளிப்புறம் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டி, பக்கத்தில் ஆர்ஓ தண்ணீர் பக்கெட் வைத்து, இந்தக் கோடு வரைக்கும் ஊற்றுங்க என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தீனி டப்பாவை மட்டும் கொடுக்காதீர்கள். மீன் மேலே வந்து கேட்பது மாதிரி நின்றால் யாருக்கும் மனசு கேட்காது, அள்ளிப் போட்டுவிடுவார்கள், மிச்சம் அழுகி அம்மோனியா ஏறும். கிழமை எழுதிய மாத்திரை டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டத்தில் ஒரு சிட்டிகை போட்டு, அதை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை அலமாரியில் பூட்டி வையுங்கள்.